எட்டு வயதில் ஏற்ற முடி

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 640 ஆண்டுகளுக்கு முன், எருசலேம் நகரில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் யூதா நாட்டின் அரசனாக முடி சூட்டப்பெற்றான். யோசியா என்பது அவன் பெயர். அவன் தந்தையாகிய ஆமோன் இரண்டே ஆண்டுகள் ஆண்டவன். தன் அரண்மனையிலேயே, தன் ஊழியர் கையாலேயே மாண்டவன். கொலை புரிந்தோரை நாட்டு மக்கள் கொன்றொழித்தனர். கொலையுண்டவனின் மகனை அரியணையில் அமர்த்தினர். விளையாடித் திரிய வேண்டிய பருவத்தில், தந்தையின் குருதி படிந்த மனையிலே, ஒரு குழந்தை நாட்டின் சுமையை ஏற்றது.

இளம் வயதில் பெரும் பொறுப்பு வந்து சேருமாயின், ஒருவன் அதனைத் தாங்கி நிற்பது எதனால்? பிறவிக் குணத்தாலா? கற்ற கல்வியாலா? உடனிருந்து வழிகாட்டும் பெரியோராலா? இவ்வினா அரசர்களோடு மறைந்துவிட்ட வினா அன்று. தந்தையை இழந்த வீட்டின் மூத்த பிள்ளைக்கும், இளமையிலேயே ஓர் அலுவலகத்தின் தலைமையை ஏற்பவனுக்கும் இஃது எழுகின்ற வினாவே. யூதா நாட்டு அரசர் மூவரின் வரலாற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது.

இவ்வரசர்களைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலிருந்துதான். இராஜாக்கள், நாளாகமம் என்னும் பகுதிகள் அரசர்களின் செயல்களை நிரல்படக் கூறுகின்றன. எரேமியாவின் ஆகமம் கடைசி அரசர்களின் காலத்தை உள்ளிருந்து காட்டுகின்றது. இவை சமய நூல்கள். அரசர்களைச் சமய நோக்கிலேயே நல்லவர் என்றும் தீயவர் என்றும் எடைபோடுபவை. எனினும் அவர்கள் செய்த தவறுகளை மறைக்காமல் எழுதியிருப்பது இந்நூல்களின் தனிச் சிறப்பு. தமிழ் வேதாகமத்தில் வழங்கும் பெயர்களையே இக்கட்டுரையில் நாமும் கையாளுகிறோம்.

யூதா ஒரு சிறிய மலைநாடு. தெற்கே எகிப்து, வடக்கிலும் கிழக்கிலும் அசீரியப் பேரரசு. இரு யானைகளின் இடையே நின்ற மான்கன்று போன்றது அதன் நிலை. அதன் உடன்பிறப்பு போன்ற வட நாடாகிய இஸ்ரவேல், கி.மு. 722-ஆம் ஆண்டளவில் அசீரியரிடம் வீழ்ந்து அழிந்தது. யூதா திறை செலுத்தி உயிர் பிழைத்தது. இத்தகைய நாட்டில் அரசன் செய்யும் ஒரு பிழை, ஒரு குடும்பத்தின் இழப்பாக முடியாது. ஒரு மக்களினத்தின் அழிவாகவே முடியும்.

யோசியாவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் அந்நாட்டில் ஒரு சிறுவன் முடி சூடியதுண்டு. அவன் பெயர் யோவாஸ். அத்தாலியாள் என்னும் அரசி, தன் மகன் இறந்ததும், அரச குலத்தார் அனைவரையும் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினாள். இறந்த அரசனின் உடன்பிறந்தாளாகிய யோசேபாள், கைக்குழந்தையாக இருந்த யோவாசைச் செவிலியோடு ஒளித்துவைத்துக் காப்பாற்றினாள். ஆறு ஆண்டுகள் அக்குழந்தை ஆலயத்தினுள்ளேயே மறைவாக வளர்ந்தது. ஏழாம் ஆண்டில் ஆசாரியனாகிய யோய்தா, காவற்படையினரைத் துணைக்கொண்டு, ஏழு வயது யோவாசுக்கு முடி சூட்டினான். அத்தாலியாள் வீழ்ந்தாள்.

யோய்தா வாழ்ந்த காலமெல்லாம் யோவாசின் ஆட்சி செம்மையாகவே நடந்தது. ஆலயத்தைப் பழுது பார்க்க வேண்டிய பணம் ஆசாரியர்களிடம் சேர்ந்தும், அவனது ஆட்சியின் இருபத்துமூன்றாம் ஆண்டு வரையில் வேலை நடைபெறவில்லை. அதனைக் கண்ட அரசன் அவர்களை அழைத்துக் கேட்டான். பின்னர் மூடியில் துளையிட்ட பெட்டி ஒன்று பலிபீடத்தின் அருகே வைக்கப்பெற்றது. பெட்டி நிறைந்த போதெல்லாம் அரசனின் எழுத்தனும் பெரிய ஆசாரியனும் சேர்ந்து எண்ணிக் கட்டி, வேலை நடத்துவோரிடம் ஒப்படைத்தனர். பொதுப்பணத்தை ஒருவர் கையில் விடாமல் இருவர் கண்முன் எண்ணும் முறை அன்றே இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

ஆயின் யோய்தா முதிர்ந்து மறைந்தான். அரசர்களோடு அடக்கம் செய்யும் அளவுக்கு நாடு அவனைப் போற்றியது. அதன்பின் நடந்ததை நாளாகமம் சுருக்கமாகச் சொல்கிறது. யூதாவின் பிரபுக்கள் வந்து அரசனை வணங்கினர். அரசன் அவர்கள் சொல்லுக்குச் செவி சாய்த்தான். பழைய வழியினின்று நாடு விலகியது. யோய்தாவின் மகன் சகரியா எழுந்து அதனைக் கண்டித்துரைத்தான். தன்னைக் காத்து வளர்த்தவனின் மகன் என்றும் பாராமல், அரசனின் கட்டளையால் அவனை ஆலயத்தின் முற்றத்திலேயே கல்லெறிந்து கொன்றனர். நாற்பது ஆண்டுகள் ஆண்ட யோவாஸ், முடிவில் தன் ஊழியர் கையால் படுக்கையிலேயே கொலையுண்டான்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாது? யோவாசுக்கு நல்ல ஆசான் கிடைக்கவில்லை என்று கூற இயலாது. அவனினும் மேலான ஆசான் யாருக்கும் வாய்த்திருத்தல் அரிது. ஆயினும் கொழுகொம்பைப் பற்றிப் படரும் கொடி போலவே அவன் வளர்ந்தான். கொம்பு சாய்ந்ததும் அருகில் நின்ற வேறொன்றைப் பற்றிக்கொண்டான். முதலில் பற்றியது நற்கொம்பு; பின்னர்ப் பற்றியது முட்செடி. பற்றும் இயல்பு மட்டும் மாறவே இல்லை.

இனி யோசியாவிடம் வருவோம். அவனது குலப் பின்னணி பெருமைக்குரியதன்று. பாட்டன் மனாசே பன்னிரண்டு வயதில் அரசனாகி ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டவன். தன் மகனையே தீயில் நடத்திய கொடிய வழிபாட்டுக்கு இடங்கொடுத்தவன் என்று விவிலியம் பழிக்கிறது. தந்தை ஆமோனும் அவ்வழியே சென்றான். யோசியாவின் சிறுபருவத்தில் அவனை நடத்தியவர் யார் என்பதை நூல்கள் விரித்துக் கூறவில்லை. ஆட்சியின் எட்டாம் ஆண்டில், பதினாறு வயதினனாக இருக்கும்போதே, அவன் தன் முன்னோனாகிய தாவீதின் கடவுளைத் தேடத் தொடங்கினான் என்றும், பன்னிரண்டாம் ஆண்டில் நாட்டைச் சீர்திருத்த முற்பட்டான் என்றும் நாளாகமம் உரைக்கிறது. இராஜாக்கள் ஆகமமோ, சீர்திருத்தம் முழுவதையும் பதினெட்டாம் ஆண்டில் வைத்துக் கூறுகின்றது. காலக் கணக்கில் இவ்வேறுபாடு இருப்பினும், அவ்வாண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே அவன் வாழ்க்கையின் திருப்பம் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

அஃது ஏறத்தாழ கி.மு. 622. யோசியாவுக்கு அப்போது வயது இருபத்தாறு. ஆலயத்தைப் பழுது பார்ப்பதற்காக மக்களிடம் திரண்ட பணத்தை வேலை நடத்துவோரிடம் கொடுக்கும்படி, சாப்பான் என்னும் சம்பிரதியை அரசன் பெரிய ஆசாரியனாகிய இல்க்கியாவிடம் அனுப்பினான். சம்பிரதி என்பவர் அரசின் எழுத்தும் கணக்கும் பார்த்த உயர் அலுவலர். தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி தர வேண்டும். மரமும் வெட்டிய கற்களும் வாங்க வேண்டும். வேலை நடத்துவோர் நாணயமாக நடந்ததனால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்றும் அந்நூல் குறிக்கிறது.

சென்ற இடத்தில் இல்க்கியா வேறொரு பொருளைச் சாப்பானிடம் கொடுத்தான். ஆலயத்தில் கிடைத்த நியாயப்பிரமாண நூல் அது. சாப்பான் அதனைத் தானே படித்தான். பின்னர் அரசனிடம் திரும்பி, முதலில் பணம் ஒப்படைக்கப்பட்ட செய்தியைச் சொன்னான். அதன் பிறகே, ஆசாரியன் ஒரு நூலைத் தந்தான் என்று கூறி, அதனை அரசன் முன் வாசித்தான். அரசு அலுவலகங்களில் எழுத்தையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோருக்கு இந்தச் சம்பிரதியின் மீது தனிப்பட்டதோர் ஈடுபாடு தோன்றுவது இயற்கை. அந்த நூலிலே இருந்தது புகழுரையன்று; நாடு சட்டத்தை மீறி நடந்தால் வரக்கூடிய கேடுகளின் பட்டியல். இளம் அரசனுக்கு இது கசக்குமே என்று எண்ணி, சில பகுதிகளை விட்டுவிடவோ மென்மைப்படுத்தவோ சாப்பானால் இயன்றிருக்கும். அவன் அவ்வாறு செய்யவில்லை. உள்ளதை உள்ளவாறே படித்தான்.

கேட்ட அரசன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டான். துயரத்தையும் தவற்றுணர்வையும் காட்டும் அந்நாட்டு வழக்கம் அது. ஆடை கிழிப்பது எளிது. அதன்பின் அவன் செய்ததுதான் அரிது. இந்நூல் என் முன்னோர் காலத்தது, பழி அவர்களையே சாரும் என்று அவன் சொல்லவில்லை. எனக்கும் என் மக்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டறிந்து வரும்படி, பெரிய ஆசாரியனையும் சாப்பானையும் உள்ளிட்ட ஐவரை அனுப்பினான்.

அவர்கள் சென்றது உல்தாள் என்னும் பெண்மணியிடம். அவர் தீர்க்கதரிசனம் உரைப்பவர். அரசின் ஆடைசாலைக் காவலர் ஒருவரின் மனைவி. அரசனின் தூதர்களிடம் அவர் கூறிய விடையின் தொடக்கமே வியப்புக்குரியது. உங்களை அனுப்பிய அரசனிடம் என்று அவர் சொல்லவில்லை. உங்களை அனுப்பிய அந்த மனிதனிடம் என்றே தொடங்கினார். நூலில் கூறிய கேடு வந்தே தீரும் என்றும், அரசனின் நெஞ்சு இளகியதால் அவன் காலத்தில் அது வாராது என்றும் உரைத்தார். அச்சமின்றி உண்மை சொல்லும் ஒரு பெண்ணின் சொல்லைப் பெருங்குருவும் பேரமைச்சரும் சுமந்து வந்து, இருபத்தாறு வயது அரசனிடம் அப்படியே ஒப்படைத்தனர். அவனும் அதனை ஏற்றான்.

கேடு தன் காலத்தில் வாராது என்பது ஓர் அரசனுக்கு ஓய்வெடுக்கப் போதுமான காரணம். யோசியா ஓயவில்லை. பெரியவர் சிறியவர் அனைவரையும் ஆலயத்தில் கூட்டி, நூல் முழுவதையும் அவர்கள் காது கேட்க வாசித்தான். தன்னைக் கண்டித்த எழுத்தை நாடறியப் படித்தான் என்பதே இதன் பொருள். இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைத் தீக்கு இரையாக்கிய இடத்தை இனி எவரும் பயன்படுத்த இயலாதவாறு செய்தான். குழந்தையாக முடி சூடியவன் குழந்தைகளின் உயிரைக் காத்தான். எனினும் அவன் சீர்திருத்தத்தில் கடுமையும் இருந்தது. பலிபீடங்கள் இடிக்கப்பட்டன, வடபகுதியில் மேடைகளின் ஆசாரியர்கள் கொல்லப்பட்டனர். இதனை நாம் மறைக்கவும் வேண்டுவதில்லை, போற்றவும் வேண்டுவதில்லை.

கண்டெடுத்த நூல், இன்றுள்ள உபாகமத்தின் மூலப்பகுதியாக இருத்தல் கூடும் என்று ஜெர்மானிய அறிஞர் டி வெட்டே 1805-இல் கருத்துரைத்தார். அறிஞர் பலர் அதனை ஏற்பர். அந்த உபாகமத்தில் அரசனுக்கென்றே ஒரு விதி உண்டு. அரசன் குதிரைகளையும் மனைவியரையும் வெள்ளி பொன்னையும் பெருக்கலாகாது. சட்டத்தின் படி ஒன்றை எழுதித் தன்னிடம் வைத்து, வாழ்நாள் முழுதும் படிக்க வேண்டும். தன் சகோதரர்களுக்கு மேலாகத் தன் உள்ளம் உயர்ந்துவிடாமல் காக்க வேண்டும். அரசன் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்னும் கருத்து அதில் ஐயமின்றி விளங்குகின்றது.

அக்காலத்து எளிய மக்களின் குரலும் மண்ணுக்கடியிலிருந்து நமக்குக் கேட்கிறது. 1960-இல் மத்தியதரைக் கடலோரக் கோட்டை ஒன்றில் எழுத்துள்ள பானையோடு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்குச் செய்துகொண்ட விண்ணப்பம் அது. தன் வேலையை முடித்த பின்னும் தன் மேலாடையைப் பறித்துக்கொண்டனர், அதனைத் திருப்பித் தரவேண்டும் என்பதே அவன் முறையீடு. இது யோசியாவின் காலத்தை ஒட்டியது என்று அறிஞர் பலர் கருதுவர். ஏழையின் ஆடையை அடகாகப் பெற்றால் பொழுது சாயும் முன் திருப்பித்தர வேண்டும் என்பது உபாகமச் சட்டம். தனக்கு நீதி உண்டு என்று ஒரு கூலியாள் நம்பி எழுதுவித்த நாடு அது.

யோசியாவின் பதின்மூன்றாம் ஆண்டில் இன்னோர் இளைஞரும் பொறுப்பேற்றார். எருசலேமுக்கு அருகிலுள்ள ஆனதோத் ஊரில் பிறந்த எரேமியா அவர். தீர்க்கதரிசியாக அழைக்கப்பெற்றபோது, நான் சிறுபிள்ளை, பேச அறியேன் என்று அவர் தயங்கினார். சிறுபிள்ளை என்று சொல்லாதே என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. யோசியாவுக்குப் பின் வந்த அரசர்களின் காலம் முழுவதும் அஞ்சாது உண்மை உரைத்தவர் அவர்.

கி.மு. 609-இல் யோசியாவின் முடிவு வந்தது. அசீரியப் பேரரசு அப்போது சரிந்துகொண்டிருந்தது. அதன் தலைநகர் நினிவே 612-லேயே வீழ்ந்துவிட்டது. எஞ்சிய அசீரியருக்குத் துணையாக எகிப்திய மன்னன் பார்வோன் நேகோ வடக்கே படை நடத்தினான். யோசியா மெகிதோவில் அவனை எதிர்கொண்டு உயிரிழந்தான். நான் உன்மேல் போருக்கு வரவில்லை, விலகிக்கொள் என்று நேகோ தூதனுப்பியதாகவும், யோசியா அதற்குச் செவிகொடாமல் வேடம் மாற்றிப் போரிட்டு அம்பு பட்டதாகவும் நாளாகமம் கூறுகின்றது. அப்போது அவனுக்கு வயது முப்பத்தொன்பது. இருபத்தாறில் கசப்பான சொல்லைக் கேட்டவன் முப்பத்தொன்பதில் எச்சரிக்கையைக் கேளாது போனான். கேட்கும் பண்பு ஒருமுறை பெற்றுவிட்டால் என்றும் நிலைத்திருக்கும் செல்வம் அன்று என்பதை அவன் வாழ்வின் நிறைவும் குறையும் சேர்ந்து நமக்கு உணர்த்துகின்றன.

அவனுக்குப் பின், மூன்று மாத இடைவெளியில், அவன் மகன் யோயாக்கீம் நேகோவின் தயவால் அரசனானான். முடி சூடும்போது அவன் வயது இருபத்தைந்து. சிறுவன் அல்லன், வளர்ந்த ஆண்மகன். கேதுரு மரம் பதித்த பெருமாளிகை கட்டி, வேலை செய்தோருக்குக் கூலி தராதவன் என்று எரேமியா அவனை இடித்துரைத்தார். ஏழைக்கும் எளியவனுக்கும் நீதி வழங்கிய உன் தந்தைக்கு ஊணும் உடையும் குறைந்தனவா என்னும் பொருள்பட அவர் கேட்டார்.

எரேமியாவின் எச்சரிக்கைகளை அவருடைய எழுத்தராகிய பாரூக்கு ஒரு சுருளில் எழுதினார். குளிர்காலத்தில், கணப்பு எரிந்துகொண்டிருந்த அறையில் அரசன் வீற்றிருக்க, அச்சுருள் அவன் முன் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்படுந்தோறும் அரசன் அவற்றை எழுத்தனின் கத்தியால் அறுத்து நெருப்பில் எறிந்தான். சுருள் முழுவதும் சாம்பலாயிற்று. அரசனோ அவன் ஊழியரோ ஆடையைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று எரேமியாவின் ஆகமம் குறிப்பாகச் சொல்கிறது. தந்தை கிழித்தது தன் ஆடையை. மகன் கிழித்தது தன்னைக் கண்டித்த எழுத்தை.

அன்று, எரிக்க வேண்டா என்று அரசனைத் தடுக்க முயன்ற மூவருள் ஒருவன் கெமரியா. அவன் யார்? யோசியாவின் முன் நூலை வாசித்த சம்பிரதி சாப்பானின் மகன். சாப்பானின் மற்றொரு மகனாகிய அகிக்காம், எரேமியாவைக் கொல்ல முயன்றவர்களிடமிருந்து அவரைக் காத்தவன். தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்த செல்வம் இதுதான். அரச குலத்தில் அறுந்த மரபு எழுத்தனின் குடும்பத்தில் தொடர்ந்தது.

யோயாக்கீம் நெருப்பிலிட்ட சுருளை எரேமியா மீண்டும் எழுதுவித்தார். முன்னினும் மிகுதியாகவே எழுதுவித்தார். ஆனால் நாடு தப்பவில்லை. கி.மு. 586-ஆம் ஆண்டளவில் பாபிலோனியப் படை எருசலேமை அழித்து ஆலயத்தைச் சுட்டெரித்தது.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். யோவாஸ் ஏழு வயதில் அரசனானான், யோசியா எட்டு வயதில், யோயாக்கீம் இருபத்தைந்தில். ஆகவே வயது அளவுகோல் ஆகாது. ஆமோனின் மகன் யோசியா. யோசியாவின் மகன் யோயாக்கீம். ஆகவே பிறப்பும் அளவுகோல் ஆகாது. யோவாசுக்கு யோய்தா வாய்த்தும் பயன் நிலைக்கவில்லை. ஆகவே நல்லாசானும் தனியே போதாது. தன்னைக் குறைகூறும் சொல்லை முழுவதும் கேட்டு, அது தனக்கும் உரியது என்று ஏற்று, ஏற்றவாறு நடக்கும் திறனே பொறுப்பைத் தாங்கும் தோள். அத்திறனை இளமையிலேயே பெறலாம், முதுமையிலும் இழக்கலாம்.

பெரியவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. இளையவரிடம் பதவியை ஒப்படைப்பதோடு நம் வேலை முடிவதில்லை. அவர்களுக்கு இனிப்பதை மட்டும் வாசித்துக் காட்டுவோமாயின், யோவாசைச் சூழ்ந்து வணங்கிய பிரபுக்களின் வரிசையில் நாமும் சேர்ந்துவிடுவோம்.

1982-இல் எருசலேமில் நடந்த அகழாய்வில் களிமண் முத்திரைகள் ஐம்பதுக்கு மேல் கிடைத்தன. நகரை அழித்த தீயே அக்களிமண்ணைச் சுட்டு உறுதியாக்கி, இத்தனை நூற்றாண்டுகள் காத்து வைத்தது. அவற்றுள் ஒன்றில், சாப்பானின் மகன் கெமரியாவுக்கு உரியது என்னும் எழுத்து உள்ளது. எரிக்க வேண்டா என்று சொன்ன அந்தக் கெமரியாவே அவன் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவன் சொல்லை அரசன் கேட்கவில்லை. ஆயினும் சொல்ல வேண்டியதை அவன் சொன்னான்.